கண்ணாடிக்குப் பின்னால் ஆறு பேர்

பட்டறையில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர். பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைத்துத் தைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. மற்றவர்கள் வளைவில் மிஷினை நிறுத்தி, ஊசியை இறக்கிவைத்து, துணியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த பையை இழுத்து மடியில் போட்டிருப்பாள். வீட்டில் வைத்த பெயரைப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பள்ளி திறக்க இரண்டு மாதம் இருந்தால் பட்டறையில் தலை நிமிர நேரமிருக்காது. அந்த வருஷம் மழையும் சேர்ந்துகொண்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்து மிஷின்காரியோடு பேசக்கூடக் கத்தவேண்டியிருந்தது. முரட்டுத் துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போய், ஊசிக்கடியில் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நாளைக்கு நாலு ஊசி ஒடிந்தது. அந்தக் கஷ்டத்திலும் ஜிப்பக்கா மனசு நிறைந்திருந்தாள். பின்னால் ஜன்னலோரம் போட்டிருந்த பலகையில் மகள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அதற்காகத்தான்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில், குளியலறைத் தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து ஒருவர் தன்னோடு பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். பிறகு குளிப்பதை விட்டாள். சாப்பாட்டை விட்டாள். ஒருநாள் குழாயைச் சுத்தியலால் உடைத்து, தண்ணீர் வீடெல்லாம் ஓட, நடுவில் நின்று அழுதாள். நாற்பது நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் மாத்திரை, வீடு, மாத்திரை. பேச்சு குறைந்தது. அழுகையும் குறைந்தது. குழாய்க்காரர் மட்டும் அவ்வப்போது வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார் என்று அவளே சொல்வாள், பழகிய கடன்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

மூன்று மாதமாகத்தான் பட்டறைக்கு வருகிறாள். ஜிப்பை இழுத்து மூடுகிற ரன்னரைப் பட்டையில் கோர்க்கும் வேலை. இரண்டு பக்கத்துப் பல்வரிசையும் ஒரே மட்டத்தில் ரன்னருக்குள் நுழையவேண்டும். ஒரு பல் முன்பின் ஆனாலும் ஜிப் வாயைக் கோணிக்கொள்ளும். நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கே கண் பூத்துப்போகும். அவள் ஒரு நாளைக்கு இருநூறு கோர்த்தாள். இரண்டாவது வாரமே பட்டறை அவளுக்குக் குட்டி ஜிப் என்று பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டு அவள் சிரித்ததை ஜிப்பக்கா அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் மூன்று தடவை சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மனநோய் வந்த இளவயதுப் பிள்ளைகளை அவர்கள் வீட்டாரோடு சேர்த்து உட்காரவைத்துப் பேசும் சிகிச்சை ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். வாரம் ஒரு நாள், புதன்கிழமை, அப்பா அம்மா மகள் மூன்று பேரும் வரவேண்டுமாம். பேசப்போகிறவர் இந்தச் சிகிச்சையை இப்போதுதான் கற்றுக்கொள்கிறார், ஆனால் கெட்டிக்காரர் என்றார்கள். ஜிப்பக்கா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வேலையையும் யாராவது ஒருத்தர் துணியில்தான் பழகவேண்டியிருக்கிறது. புதன்கிழமை அரை நாள் வேலை போகும். போகட்டும்.

அறை நன்றாகத்தான் இருந்தது. பச்சை சோபா, குட்டை மேஜை, அதன்மேல் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவரில் ஒரு போன். எதிர்ச்சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கண்ணாடி. இவ்வளவு பெரிய கண்ணாடி தன் வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஜிப்பக்கா நினைத்தாள். மழையில் நனைந்து கலைந்த தலையை ஒவ்வொரு வாரமும் அதன் முன்னால் நின்றுதான் சரிசெய்துகொண்டாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனுஷன். அவரும் ஒருநாள் கண்ணாடிக்குக் கிட்டே போய் வாயைத் திறந்து, வலித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கற்றுக்கொள்கிறவரை ஜிப்பக்கா 'தம்பி' என்றே கூப்பிட்டாள். இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். முதல் நாள் அவர் பேனாவை இரண்டு தடவை கீழே போட்டதை அவள் கவனித்தாள். ஒரு அட்டையில் ஐந்தாறு காகிதங்களைச் செருகிக் கொடுத்து, விலாசத்துக்கு, மாத்திரை விவரத்துக்கு, அப்புறம் சும்மா வழக்கமான காகிதங்கள் என்று சொல்லி, கையெழுத்துப் போடச் சொன்னார். புருஷன் பார்சல்காரனுக்குப் போடுவதுபோல எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறீர்கள், யார் யாரை எழுப்புகிறீர்கள், ஒருத்தர் கோபப்பட்டால் மற்றவர் என்ன செய்வீர்கள் என்று தம்பி கேட்டார். மகள் பதில் சொன்னாள். பட்டறையைப் பற்றி, ரன்னரைப் பற்றி, அம்மா நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக்கூடச் சொன்னாள். நடுநடுவே போன் அடிக்கும். தம்பி எழுந்துபோய்க் கேட்டு, சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்தை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போது இப்படிப் போன் எடுப்பது மரியாதையில்லை என்று ஜிப்பக்காவுக்குப் பட்டது. சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் மகள் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஆளுங்க இருக்காங்கம்மா."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஈரத் தரை ஜிப்பக்காவின் கண் முன்னால் வந்தது. மகள் பதற்றப்படவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் ஏதாவது சொன்னால் உடனே போன் அடிக்கிறது. போன் வந்த பிறகு அவர் கேட்கிற கேள்வி மாறுகிறது. நாம் பேசுவது கேட்காமல் அப்படி எப்படிப் போன் பண்ணமுடியும்? ஒருதடவை கண்ணாடிக்குள் ஒரு வெளிச்சம் கதவு திறந்ததுபோல வந்து போயிற்று, அதில் தலைகள் தெரிந்தன. யாரோ தும்மினார்கள். ஆறு பேர் இருப்பார்கள்.

இப்படிச் சொல்லும்போது ஆமாம் என்று ஒத்துக்கொள்ளாதே, சண்டையும் போடாதே, அமைதியாக இல்லையென்று சொல் என்று ஆஸ்பத்திரியில் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜிப்பக்கா அமைதியாக இல்லையென்று சொன்னாள். மகள் அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது வாரம் அறைக்குள்ளேயே கேட்டுவிட்டாள். தம்பி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்து, அங்கே உட்கார்ந்து என்னைப் பற்றி எழுதுகிறவர்கள் யார் என்று கேட்டாள். தம்பிக்குக் காது சிவந்தது. பிள்ளை பயந்துவிட்டது, தம்பி திணறுகிறார் என்று ஜிப்பக்காவே முந்திக்கொண்டாள்.

"அப்படியெல்லாம் யாரும் இல்ல கண்ணு. இது வெறும் கண்ணாடி."

எழுந்துபோய் விரல் முட்டியால் கண்ணாடியை நாலு தட்டுத் தட்டினாள். பார், பின்னால் சுவர்தான் என்றாள். போன் அடித்தது. தம்பி எடுத்துக் கேட்டார். திரும்பி வந்து, இப்போதெல்லாம் சாப்பாடு எப்படிப் போகிறது என்று மகளிடம் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே ஜிப்பக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மூன்றாவது மாடிக்கு ஓடினாள். அங்கேதான் மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டர் இருப்பார். வீட்டில் அவருக்கு மாத்திரை டாக்டர் என்றுதான் பெயர். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருப்பதாகச் சொல்கிறாள் டாக்டர், பழையபடி ஆரம்பிக்கிறது என்று கண் கலங்கச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து நிமிரவில்லை. காலையில் ஒன்று கூட்டினார், ராத்திரிக்கு ஒன்றை இரண்டாக்கினார்.

மகள் விழுங்கமாட்டேன் என்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பார்த்ததைத்தான் சொன்னேன் என்றாள். ஜிப்பக்கா தண்ணீர் டம்ளரோடு முன்னால் நின்றாள். விழுங்கும்வரை நின்றாள். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.

நாலு நாளில் மகளுக்கு நாக்கு தடித்தது. பதினாலு மணி நேரம் தூங்கினாள். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்தியது. பட்டறைக்கு வந்தாள், ரன்னரைக் கையில் எடுத்தாள், விரல் தந்தி அடித்தது. பல்வரிசை சேரவில்லை. சேர்ந்தது என்று நினைத்து அடுக்கி வைத்ததில் அறுபது ஜிப் கோணிக்கொண்டு நின்றன. பட்டறைக்காரர் நல்ல மனுஷர். திட்டவில்லை. அந்த அறுபதையும் ஒரு பையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, பாப்பா கொஞ்சநாள் வீட்டில் ரெஸ்ட் எடுக்கட்டுமே அக்கா என்றார். மகள் ரன்னர்த் தட்டை மெதுவாகப் பலகையில் வைத்தாள். அன்றைக்கு யாரும் அவளைக் குட்டி ஜிப் என்று கூப்பிடவில்லை.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை அவளைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். சோபாவில் அப்பாவின் தோளில் சாய்ந்து அரைக்கண் மூடிக் கிடந்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவேயில்லை. ஜிப்பக்காவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டு அவசரமாக முடித்தார்.

வெளியே வராந்தா பெஞ்சில் மகளை உட்காரவைத்த பிறகுதான் மருந்துச் சீட்டெல்லாம் வைத்திருந்த கோப்பை உள்ளேயே விட்டுவிட்டது ஜிப்பக்காவுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போனாள். அறை பூட்டியிருந்தது. பக்கத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். சாவி கேட்கலாம் என்று தள்ளினாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. எதிரில் ஒரு பெரிய சினிமாத் திரை மாதிரி வெளிச்சம். அதில் பச்சை சோபா தெரிந்தது. குட்டை மேஜை தெரிந்தது. அதன்மேல் அவள் கோப்பு தெரிந்தது.

கண் இருட்டுக்குப் பழகியபோது நாற்காலிகள் தெரிந்தன. நாற்காலிகளில் ஆட்கள். ஒரு நர்ஸ் எதையோ சொல்லிச் சிரிக்கப்போனவள் அப்படியே நிறுத்தினாள். மடியில் நோட்டு, கையில் பேனா, நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட். ஓரமாக நரைத்த தலையோடு ஒரு பெரிய டாக்டரம்மா, கைக்குப் பக்கத்தில் ஒரு போன். ஜிப்பக்கா எண்ணினாள். அவள் எண்ணவில்லை, அவள் வாய் தானாக எண்ணியது. டாக்டரம்மாவை விட்டு ஆறு பேர்.

சுவரில் வெள்ளைப் பலகை. அதில் 'தந்தை' என்று ஒரு சதுரம், இரண்டு வட்டம். பெரிய வட்டத்துக்குள் 'தாய்' என்று எழுதி, சின்ன வட்டத்துக்கு மூன்று கனத்த கோடு இழுத்திருந்தார்கள். பக்கத்தில் 'குறை சொன்னது' என்று போட்டு, அடியில் நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாகப் பதினேழு கோடு. 'அளவு மீறிய அக்கறை' என்பதற்குக் கீழே இன்னும் நிறைய. சின்ன வட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'சந்தேகம். கண்ணாடி வழியாகத் தன்னைக் கவனிப்பதாக.'

டாக்டரம்மா எழுந்தாள். அம்மா, இது பயிற்சி அறை, நீங்கள் வெளியே இருங்கள் என்று பதவிசாகச் சொன்னாள்.

"எத்தனை வாரமா இங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள் ஜிப்பக்கா.

முதல் நாளிலிருந்தே என்றாள் டாக்டரம்மா. இந்தச் சிகிச்சையை இப்படித்தான் கற்றுக்கொடுக்கமுடியும், ஒருவர் உள்ளே பேசுவார், மற்றவர்கள் இங்கிருந்து பார்த்துப் பழகுவார்கள், தப்பு நடந்தால் நான் போனில் திருத்துவேன், இதெல்லாம் உங்களிடம் முதல் நாளே சொல்லி, இந்த அறையையும் காட்டியிருப்பாரே என்றாள். கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். மடியிலிருந்த ஆஸ்பத்திரிக் கோப்பைப் புரட்டி ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். சின்னச் சின்ன எழுத்து, அடியில் புருஷனின் கோணல் கையெழுத்து.

கதவில் தம்பி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லல மேடம்," என்றார் தம்பி. "முதல் நாள் பதட்டத்துல விட்டுட்டேன். அப்புறம் சொன்னா மார்க் போயிடும்னு சொல்லல."

ஜிப்பக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. அவள் கோபம் அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"சரி, அவரு சொல்லல. போன வாரம் எம்பொண்ணு கேட்டாளே, அங்க யாருன்னு. அது இங்க கேட்டுதா?"

ஒரு நர்ஸ் மடியிலிருந்த நோட்டை மூடினாள்.

"நான் எந்திரிச்சு வந்து தட்டினேன். யாருமில்ல, சுவருதான்னு சொன்னேன். யாரு மூஞ்சிக்கு நேரா தட்டினேன்?"

முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. தூக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள்.

"தட்டினப்ப உனக்கு என்னம்மா தோணுச்சு?"

"பயமா இருந்துச்சும்மா," என்றாள் அந்தப் பெண். அவளுக்கு மகளைவிட நாலு வயசு கூட இருந்தால் அதிகம்.

டாக்டரம்மா குறுக்கே வந்தாள். நீங்கள் மகளைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம், உடனே உள்ளே வந்து உண்மையை உடைத்தால் அவளுக்கு அதிர்ச்சியாகும், பக்குவமாக வேறொரு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று குறித்துவைத்திருக்கிறோம் என்றாள்.

"குறிச்சு வெச்சிருக்கீங்க. அப்போ போன் பண்ணி என்ன சொன்னீங்க?"

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னார். "பேச்சை மாத்து, சாப்பாட்டப் பத்திக் கேளுன்னு சொன்னாங்க."

மழை அந்த அறையில் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்க வைத்திருந்த ஒலிபெருக்கி இன்னும் போட்டபடி இருந்தது. அதில் பக்கத்துக் காலி அறையின் கடிகாரம் டிக் டிக்கென்று கேட்டது. இவ்வளவு சின்னச் சத்தமெல்லாம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்து என் பிள்ளை கேட்டதைக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள் என்று ஜிப்பக்காவுக்குத் தோன்றியது. இவர்கள் முன்னால் தான் தலை வாரியது, புருஷன் பல் பார்த்தது எல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அது பெரிதாகப் படவில்லை.

"மறுநா நான் போய் மூணாவது மாடியில சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னாடி ஆள் இருக்குன்னு சொல்றா டாக்டர்னு. மாத்திரையக் கூட்டிட்டாரு. தெரியுமா?"

தெரியாது என்றாள் டாக்டரம்மா. முகம் மாறிவிட்டது. உண்மையாகவே தெரியாது.

"எப்படித் தெரியும்? அவரு மூணாவது மாடி, நீங்க ரெண்டாவது மாடி. நடுவுல ஓடுறவ நான். புள்ள மாத்திரை வேண்டாம் வேண்டாம்னு சொல்லுச்சு. நான் நின்னு முழுங்க வெச்சேன். வாயத் தொறந்து காட்டச் சொன்னேன். இன்னிக்கு அது உள்ள தூங்கி விழுந்துச்சே, அதையும் பாத்தீங்கதானே? என்னன்னு எழுதினீங்க?"

ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து, பலகையைத் துடைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

"அழிக்காதீங்க," என்றாள் ஜிப்பக்கா. "அத எம்பொண்ணு பாக்கணும்."

அப்போதுதான் டாக்டரம்மா பயந்தாள். இந்த நிலையில் காட்டினால் அவளுக்கு எல்லாமே சந்தேகமாகிவிடும், நாலு நாள் கொடுங்கள், நாங்கள் தயார் செய்து சொல்கிறோம் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டாரை இந்தப் பக்கம் உட்காரவைத்து, பார்த்தவர்களெல்லாம் அந்தப் பக்கம் போய் அவர்களைப் பற்றி அவர்களுக்குக் கேட்கப் பேசுவது என்று எங்கள் முறையிலேயே ஒன்று உண்டு, அதை முறைப்படி செய்யலாம் என்றாள்.

"நான் கோபப்படறதுகூட உங்க புத்தகத்துல இருக்கா?" என்றாள் ஜிப்பக்கா. குரல் உயரவில்லை. "தயார் பண்ணிச் சொல்றேங்கறீங்க. பொய்ய மட்டும் தயார் பண்ணாமத்தானே கொடுத்தீங்க. தையல் பழகறவ துணியக் கெடுத்தா பிரிச்சுத் தைக்கலாம் மேடம். இந்த ஒரு வாரத்தை நான் எங்க போயிப் பிரிக்கறது?"

பதிலுக்கு நிற்கவில்லை. வராந்தாவுக்குப் போனாள். மகள் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜிப்பக்கா அவள் முன்னால் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"எந்திரி கண்ணு. நீ சொன்னது நிஜம்."

மகள் கண்ணைத் திறந்தாள். புரிய நேரமாயிற்று. புருஷன் என்னவென்று கேட்டார். நீங்க கையெழுத்துப் போட்டது இதுக்குத்தான், வாங்க வந்து பாருங்க என்றாள். அந்த மனுஷன் முகம் சுருங்கிப்போய் எழுந்தார்.

மகள் இருட்டறைக்குள் நிதானமாக நுழைந்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் ஆட்களைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், கண்ணாடி வழியாகப் பச்சை சோபாவைப் பார்த்தாள். ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து அங்கிருந்து மறுபடி சோபாவைப் பார்த்தாள். பிறகு பலகையைப் படித்தாள். தடித்த நாக்கோடு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். விரலால் சின்ன வட்டத்தைக் காட்டினாள்.

"இது நானா?"

டாக்டரம்மா ஆமாம் என்றாள்.

"நீங்க இங்க இருந்தீங்க. நான் இருக்கீங்கன்னு சொன்னேன். இதுக்குப் பேர் சந்தேகமா?"

எழுதியவர் யாரென்று யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா மட்டும் அவள் எதிரில் வந்து, நாற்காலியை இழுத்துப்போடாமல் நின்றபடியே சொன்னாள். "இல்லம்மா. நீ சொன்னது சரி. தப்பு எங்களது. அன்னிக்கே நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் வந்திருக்கணும்."

"தெரியும்," என்றாள் மகள். சரி என்று சொன்னதற்கா, தப்பு என்று சொன்னதற்கா தெரியவில்லை. கொஞ்சநேரம் தன் நடுங்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி அம்மாவைக் கேட்டாள்.

"அப்போ குழாய்ல பேசறவரு?"

இதற்குத்தான் டாக்டரம்மா பயந்திருந்தாள். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். ஜிப்பக்காவுக்கு வாய்வரை வந்துவிட்டது, இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். யாருமில்ல கண்ணு. அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"எனக்குக் கேக்கல," என்றாள். "உனக்குத் தெரியாம நானும் எத்தனையோ தடவ குழாயில காது வெச்சுப் பாத்திருக்கேன். எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல இனிமே நான் சொல்லமாட்டேன்."

மகள் யோசித்தாள். காது வைத்துப் பார்த்ததை நீ சொன்னதேயில்லையே என்றாள். பக்கத்தில் ஒரு நர்ஸ் பழக்கதோஷத்தில் பேனா மூடியைத் திறந்தாள். ஜிப்பக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பேனா மூடிக்கொண்டது.

அன்றைக்கு ஜிப்பக்கா டாக்டரம்மாவை விடவில்லை. பூட்டிய அறையிலிருந்து தன் கோப்பை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினாள். அங்கே வாசலில் இருந்த நர்ஸ் டாக்டரம்மாவிடம், நீங்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றதற்கு ஜிப்பக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையில் பதினோராவது ஆளாக, மற்ற நோயாளிகளின் வீட்டாருக்கு நடுவில், டாக்டரம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம். கூப்பிட்டதும் மாத்திரை டாக்டர் பெரிய டாக்டரைப் பார்த்து எழுந்து நின்றார். ஜிப்பக்கா வந்து சொன்ன எந்த நாளிலும் அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. டாக்டரம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே பழைய அளவுக்குக் குறைத்து எழுதினார். ஒரேயடியாகக் குறைக்கக்கூடாது, ஒரு வாரம் ஆகும், கை நடுக்கம் நிற்க இன்னும் கொஞ்சநாள் ஆகும் என்றார். 'சந்தேகம் கூடியுள்ளது' என்று பழைய தேதியில் அவர் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுக் காரணம் எழுதச் சொன்னாள் ஜிப்பக்கா. அதெல்லாம் வழக்கமில்லை என்றார். வழக்கத்த நான் இன்னிக்கு முழுக்கப் பாத்துட்டேன், எழுதுங்க என்றாள். எழுதினார். அவள் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கோப்பில் வைத்தாள்.

கீழே வாசலில் தம்பி நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர்போல நின்றார். ஜிப்பக்கா கடந்து போய்விட்டாள். மகள்தான் நின்று, நீங்கள் தும்மினீர்களா என்று கேட்டாள். இல்லை, நான் உள்ளே உங்களோடுதான் இருந்தேன், அது வேறொருத்தர் என்றார். ஓ ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. புருஷன் முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கையெழுத்து அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஜிப்பக்காவுக்குக் கேட்க மறந்த கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பதினேழு கோட்டில் எது எது குறை, எது எது பாசம் என்று அந்த ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டிருக்கவேண்டும். பட்டறையில் போன வேலைக்கு யார் வந்து பதில் சொல்வது என்று கேட்டிருக்கவேண்டும். பாவிங்க, பிஸ்கட் தின்னுட்டே பாத்திருக்காங்க என்று வாய்விட்டே சொன்னாள்.

"அவங்க இல்லன்னு சொல்லலம்மா," என்றாள் மகள். "பேசாம இருந்தாங்க. இல்லன்னு சொன்னது நீ."

ஜிப்பக்கா திரும்பினாள். மகள் முகத்தில் கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"நான் காரணமெல்லாம் சொன்னேன். போன் வர்றது, கேள்வி மாறுறது, எல்லாம். நீ யோசிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"பயம்."

"என்னப் பாத்தா?"

மறுக்கத்தான் தோன்றியது. இத்தனை நாள் மறுத்தது போதும் என்று இருந்தது. "ஆமா," என்றாள் ஜிப்பக்கா. "உன்னப் பாத்துத்தான்."

மகள் சீட்டில் தலையைச் சாய்த்தாள். கண்ணைத் திறந்துவைத்திருக்கவே அவள் பாடுபடுவது தெரிந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, அடுத்த புதன்கிழமை போகிறோமா என்று கேட்டாள். உனக்கு வேண்டாம் என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவேண்டாம் என்றாள் ஜிப்பக்கா.

"போகணும். அந்த ஆறு பேரும் இந்தப் பக்கம் வந்து சோபாகிட்ட உக்காரணும். அவங்க வீட்ல யாரு யாரை எத்தனை தடவ திட்டறாங்கன்னு முதல்ல அவங்க சொல்லணும். அப்புறம்தான் நான் பேசுவேன்."

"சொல்ல வைக்கறேன் பாரு. ஒருத்தரையும் விடமாட்டேன்," என்றாள் ஜிப்பக்கா. கை தானாக முறுக்கிக்கொண்டது.

"நீ இல்ல," என்றாள் மகள். "கேக்கறது நான். நீ பேசாம உக்காந்திருக்கணும்."

ஜிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. சொல்ல ஆயிரம் இருந்தது. இத்தனை நாள் யார் ஓடியது, யார் வரிசையில் நின்றது, இன்றைக்குக்கூட யார் கேட்டது என்று எல்லாம் தொண்டையில் வந்து நின்றது.

சரி என்றாள். இறங்கும் இடம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.